முதுகுப் பக்கம் இருந்த ஊர்

பளிங்கு என்பவள் வண்டியில் இருந்தவரை அந்த யாத்திரை நகரம் கிட்டே வரவேயில்லை. வண்டி முன்னே போகப் போக ஊர் பின்னே போனது. கோபுரம், கோபுரத்தைச் சுற்றிய ஓட்டு வீடுகள், ஆற்றுப் படித்துறை, தண்ணீர்த் தொட்டி என மொத்த ஊரும், தோணி கரையை விட்டு நகர்வதுபோல, சத்தமில்லாமல் நகர்ந்தது. முதலில் வெயில் கண்ணைக் கட்டுகிறது என்றார்கள். பிறகு ஓட்டுநருக்கு வழி தெரியவில்லை என்றார்கள். ஓட்டுநர் அந்தச் சாலையிலேயே தலை நரைத்தவர். வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் மைல்கல்லைத் தொட்டுப் பார்த்தார். கல் நட்ட இடத்தில்தான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவருக்குச் சாவியைத் திருகக் கை வரவில்லை.

பளிங்கு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அவள் ஆஸ்பத்திரியில் தரை கழுவுகிறவள். அவள் கழுவிய தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று நர்சுகள் கேலி பேசப்போய், அதுவே ஒட்டிக்கொண்டது. அவள் யாத்திரைக்கு வந்தவளும் இல்லை. அந்த ஊரில் அவள் தங்கச்சி இருந்தாள். விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிற ஒருவனைத் தானாகவே கட்டிக்கொண்டு போனவள். அன்றைக்குப் பளிங்கு வாசலில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினாள். அதோடு பேச்சு நின்றது. அன்றைக்குக் கைப்பிள்ளைகளாக இருந்தவர்களுக்கெல்லாம் இப்போது கல்யாணம் முடிந்துவிட்டது. போன வாரம் தங்கச்சி புருஷன் போன் செய்தான். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, சில வாரம்தான், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அவ உங்களத்தான் கேக்குறா அண்ணி. மூச்சு இருக்கும்போதே வந்து பாத்துட்டுப் போங்க." யாத்திரைக் கூட்டம் ஒன்று பேசி வைத்திருந்த வண்டியில் கடைசி இருக்கை காலியாக இருந்தது. ஏறிவிட்டாள்.

நேர்வழியில் போக முடியாததால் ஓட்டுநர் சுற்றுவழிகளில் போனார். இதனால் கூட்டத்தார் அக்கம்பக்கத்து ஊர்களையெல்லாம் பார்த்தார்கள். ஓர் ஊரில் இடிந்த கோட்டைக்குள் ஆடுகள் மேய்ந்தன. இன்னொன்றில் தெரு முழுக்கப் பித்தளைப் பாத்திரம் அடித்துக்கொண்டிருந்தார்கள், காது அடைத்துப்போனது. மூன்றாவது ஊரின் குளத்தில் அந்தக் கோபுரத்தின் நிழல் தெளிவாக விழுந்திருந்தது. பளிங்கு முகம் கழுவக் குனிந்ததும் நிழல் கரையேறிப் போய்விட்டது. வண்டியில் கூட வந்த தையல்காரம்மா ஒருத்தி பக்கத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த செம்பு நழுவிக் குளத்தில் விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"நீதானா? அப்ப பெட்ரோல் பங்க்ல நீ இறங்கினப்பவும் ஊரு பக்கத்துல வந்து நின்னுச்சு. நீ ஏறின, பழையபடி ஓடிருச்சு. நான் என் கண்ணு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"என்னம்மா பேசறீங்க? என்னப் பாத்து ஓட, ஊரென்ன கோழியா?"

"கோழின்னா பிடிச்சிருக்கலாமே! கோவிச்சுக்காதடி. முட்டி வலியோட கெளம்பி வந்திருக்கேன். கொஞ்சம் இறங்கிக்கோயேன்."

வண்டியில் ஏறியதும் சேதி எல்லோருக்கும் பரவியது. யாரும் அவளைத் தள்ளவில்லை. எல்லோரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பளிங்கு பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வண்டி கிளம்பிய வேகத்தில், ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள், ஊருக்குள் நுழைந்து மறைந்தது. அவள் ஓர் அடி வைத்தாள். ஊர் ஓர் அடி விலகியது. அவள் ஓடினாள். ஊரும் ஓடியது. செருப்பு அறுந்து, மூச்சு வாங்கி நின்றாள். என் தங்கச்சி சாகக் கிடக்கிறாள், நில்லு என்று ஓர் ஊரைப் பார்த்துக் கத்தும் நிலைமை தனக்கு வந்ததே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

சாலையோரத்தில் யாத்திரிகர்கள் இளைப்பாறும் ஒரு பழைய கல் மண்டபம் இருந்தது. தரையெல்லாம் சேற்றுக் கால்தடம். பளிங்குக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சும்மா இருந்தால் பயம் கூடும். மூலையில் வாளி இருந்தது, துணி இருந்தது. பின்சுவரில் ஆரம்பித்தாள். தரை கழுவுகிறவர்கள் எப்போதும் பின்னால் நகர்ந்துதான் வருவார்கள்; முன்னால் போனால் கழுவிய இடத்தைத் தாங்களே மிதிக்க வேண்டும். குனிந்த தலை நிமிராமல், அரைவட்டம் அரைவட்டமாகத் துடைத்துக்கொண்டு பின்னேறினாள். வேறு யாராவது என்றால் மண்டப வாசல் வந்ததும் துடைப்பதை நிறுத்தியிருப்பார்கள். அவள் நிமிரவேயில்லை, மண்டபத்தில் பாவிய அதே கல்லைத்தான் ஊர்த் தெருவிலும் பாவியிருந்தார்கள். தரை முடிந்தது அவளுக்குத் தெரியவில்லை. தெருவையும் துடைத்துக்கொண்டே போனாள். முதுகுக்குப் பின்னால் மணிச்சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. யார் மேலேயோ இடித்தாள்.

"ஏம்மா, ஊரையே கழுவுறதுன்னு வேண்டுதலா?" என்றது ஓர் ஆண்குரல்.

மன்னிப்புக் கேட்கத் திரும்பினாள். குரலும் இல்லை, ஆளும் இல்லை. பொட்டல் காட்டில் நின்றாள். காலடியில் ஈரக் கல் ஒன்று மட்டும் இருந்தது. நகரம் தூரத்தில், பழைய இடத்தில் இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தாள். ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தாள். கல் தெரு காலடிக்கு வந்தது. கடந்துபோன வீடுகள் அவள் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு மறுபடி முதுகுப் பக்கம் போய் நின்றன. கண்ணுக்கு முன்னால் எப்போதும் பொட்டல்தான். விரிப்புத் துவைக்கிறவர் வீடு எது என்று திரும்பாமலே கேட்டுக்கொண்டு போனாள். சிரித்தவர்கள் சிரித்தார்கள், வழி சொன்னவர்கள் சொன்னார்கள். கடைசியில் கொடியில் தொங்கிய ஈரத் துணிகள் முதுகில் உரசின. சோப்பு வாசம் வந்தது. வாசற்படியைக் குதிகாலால் தடவிக்கொண்டு உள்ளே போனாள்.

"நல்லா இருக்கு அண்ணி, சாகக் கிடக்கிறவ முன்னாடி முதுகக் காட்டிட்டு நிக்கிறது," என்றான் தங்கச்சி புருஷன்.

"நீங்க விடுங்க," என்றாள் தங்கச்சி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேட வேண்டியிருந்தது. "இன்னும் கோவமாக்கா?"

"இல்லடி. திரும்பினா நீ காணாமப் போயிருவ."

"பாக்கப் பிடிக்கலன்னு சொல்லு. கதை சொல்லாத."

திரும்பினால் என்ன ஆகும் என்று பளிங்குக்குத் தெரியும். இருந்தும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு மரம் மாதிரி நிற்க அவளால் முடியவில்லை. திரும்பினாள். கட்டில், துணிக்கொடி, வீடு, கோபுரம் எல்லாம் ஒரே இழுப்பில் விலகிப்போயின. கட்டிலிலிருந்து நீண்ட ஒரு கையைத்தான் அவள் பார்த்தாள். அதுவும் சிறுத்து மறைந்தது. பளிங்கு நின்ற இடம் வெறுமையானதைப் பார்த்து, ஊரே கேட்கும்படி தங்கச்சி புருஷன் அலறியது பொட்டல் வரைக்கும் கேட்டது.

மறுபடி பின்னால் நடந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தங்கச்சிதான் முதலில் பேசினாள்.

"உன் முகத்தப் பாத்துட்டேன்க்கா. இவ்வளவு நரச்சிருச்சே உனக்கு."

நீர் கோத்தவர்களால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு அடைக்கும். தலையணைகளை அடுக்கினால் அவை சரியும். பளிங்கு கட்டிலில் ஏறி, தங்கச்சிக்கு முதுகைக் காட்டி, காலை நீட்டி உட்கார்ந்தாள். தங்கச்சி அந்த முதுகில் தன் முதுகைச் சாய்த்தாள். எலும்போடு எலும்பு பொருந்தியது. அவள் வாங்குகிற ஒவ்வொரு மூச்சும் பளிங்கின் விலாவுக்குள் வந்து போனது. பல நாளைக்குப் பிறகு தங்கச்சி அப்படியே தூங்கிவிட்டாள்.

டாக்டர் சொன்ன கெடு முடிந்து, மழையும் முடிந்து, அடுத்த மழையும் வந்தது. பளிங்கு தங்கச்சி முகத்தைப் பார்க்கட்டும் என்று முன்னால் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடிக்குள்ளிருந்தும் தங்கச்சி விலகிப்போனாள், அதோடு விட்டுவிட்டார்கள். கொடியிலிருந்து விரிப்புகளை எடுத்து வருவது, கடைக்குப் போவது எல்லாம் பளிங்குதான். அவள் வருகிற நேரம் தெருவில் சைக்கிள்காரர்கள் ஓரம் கட்டுவார்கள். வெளியூர்க்காரர்கள் திகைத்து நின்று கேட்டால், அங்கிருக்கும் கடைக்காரர்கள் எடைக்கல்லைக் கீழே வைக்காமலேயே பதில் சொல்வார்கள்.

"நம்ம விரிப்புக்காரர் வீட்டு அக்கா. அப்படித்தான் வருவாங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவங்க முதுகுல சாயத் தங்கச்சி காத்துட்டிருக்கும்."