கைதட்டலுக்கு மொழிபெயர்ப்பு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்ன தனுஷா, "எழுதிப் போடாதேங்கோ அண்ணை" என்றும் சொன்னாள். எழுதாதே என்றால்தான் எழுதுவேன் என்பது அவளுக்குத் தெரியும். மொன்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோ வாசலில், வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நின்று சொன்னாள். முடித்ததும் கேட்டாள்: "நீங்களெண்டா என்ன செய்திருப்பியள்?" பதில் தெரிந்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன்.

2

முதல் தொடக்கம்: "மொன்ட்ரியாலில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு..." வேண்டாம். புலம்பெயர்ந்த கதைகளில் கொட்டிய பனியை அள்ளவே தனியாக ஒரு நகரசபை வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்: தமிழ்ப்பள்ளிப் பேச்சுப்போட்டி. மேடையில் தனுஷாவின் மகள் சாருஜா.

"அவையோருக்கு வணக்கம்! யூதர்களைப் பாருங்கள்! நாடில்லாமல் அலைந்த சிறிய இனம். இன்று உலகத்தின் வங்கிகள் அவர்கள் கையில், பத்திரிகைகள் அவர்கள் கையில். ஒற்றுமையும் கல்வியும் தந்த வெற்றி அது. தமிழா, நீயும் எழுந்திரு!"

மண்டபம் அதிர்ந்தது. முதற்பரிசு அவளுக்குத்தான். இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

[எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு: பேச்சைப் பெரியவர்கள் எழுதுவார்கள், பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிப்பார்கள். பொருள் பிறகு தானாக வரும் என்று ஒரு நம்பிக்கை. இதை எழுதியவர் தனுஷாவின் தகப்பன் பேரின்பநாதன்.]

3

தனுஷா பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறாள். அந்த மாதம் அவளும் சக ஆசிரியை எஸ்தேரும் சேர்ந்து யூத வெறுப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் ஒருத்தி, "வங்கியெல்லாம் அவர்களுடையதுதானே?" என்றாள். எஸ்தேர் யூதப் பெண். அவள் வாய் திறக்குமுன் தனுஷா முந்திக்கொண்டாள். அது பொய் என்றாள். அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லித்தான் யூதக் குடும்பங்களின் கதவுகளை உடைத்தார்கள், கொன்றார்கள் என்றாள். வகுப்பு முடிந்ததும் எஸ்தேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த உரிமையில்தான் தனுஷா அவளைப் பேச்சுப்போட்டிக்கு அழைத்து வந்தாள். முன்வரிசையில் உட்காரவும் வைத்தாள். தகப்பன் எழுதிய பேச்சை அவள் முன்பு வாசித்துப் பார்த்திருக்கவில்லை.

4

எஸ்தேருக்கு என்ன கொடுப்பது? "அவளுடைய பெரியப்பா நாஜி முகாமிலிருந்து தப்பி..." எழுதியதை வெட்டிவிட்டேன். அவள் குடும்பம் மொரோக்கோவிலிருந்து வந்தது. ஒரு பெண் என் கதைக்குள் மரியாதையாக உட்காருவதற்குச் செத்தவர்களைக் காட்டித்தான் இடம் பிடிக்க வேண்டுமா? அன்றைக்கு அவள் வடையை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள். அது போதும்.

சிக்கல் பேரின்பநாதனிடம்தான். அவரை மூடராக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் மனிதர் ஊரில் வீடு எரிந்த பிறகு வந்தவர். யூதர்களைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும். அவர்கள் மீண்டார்கள், நாங்களும் மீள்வோம் என்பது அவர் கணக்கு. எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. பாசமும் வந்து தொலைக்கிறது.

(வசைக்குப் பாடத்திட்டம் இருக்கிறது. பாராட்டாக வரும் வசையை எந்த வகுப்பில் படிப்பிப்பது?)

5

கைதட்டல் ஓய்ந்ததும் எஸ்தேர் சாருஜாவிடம் பிரெஞ்சில் கேட்டாள்: "என்ன பேசினாய்?"

"தெரியாது, பாடமாக்கினேன்" என்றாள் பிள்ளை, பரிசுக் கிண்ணத்தைத் தடவியபடி.

எஸ்தேர் சிரித்துக்கொண்டே தனுஷாவிடம் திரும்பினாள். "நீ சொல்லேன். எதற்கு இவ்வளவு கைதட்டல்?"

பக்கத்தில் நின்ற பேரின்பநாதனுக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்கும். "சொல்லு பிள்ளை, சந்தோசப்படுவா. அவையளைப் புகழ்ந்தெல்லோ எழுதினனான்."

"அது புகழ்ச்சி இல்லை அப்பா."

"பேந்தென்ன?"

6

ஒரு முடிவு: "ஒற்றுமையைப் பற்றி" என்கிறாள் தனுஷா. பாதி உண்மைதான். ஆனால் திங்கட்கிழமை அதே வகுப்பில் எஸ்தேருக்குப் பக்கத்தில் அவள் நிற்க வேண்டும்.

இன்னொன்று: சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கிறாள். எஸ்தேர் தன் குளிர்க் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். என்ன பிழை விட்டேன் என்று சாருஜா தாயைப் பார்க்கிறாள்.

அல்லது பேரின்பநாதனே முந்திக்கொண்டு, எஸ்தேரின் கையைக் குலுக்கி, தன் ஆங்கிலத்தில், "உங்கட ஆக்களிட்டைத்தான் எல்லாம்..." இதை எழுதக் கை வரவில்லை.

தனுஷா என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் தப்பிவிடுவீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இரண்டாம் பகுதியில் அந்தப் பேச்சைப் படித்தீர்களே, எங்காவது உறுத்தியதா? இல்லை, மண்டபத்தோடு சேர்ந்து தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனீர்களா?

எஸ்தேர் இன்னும் சிரித்தபடி நிற்கிறாள். உங்களுக்குத் தமிழ் தெரியும். சொல்லுங்கள்.