மஞ்சள் அட்டையின் பின்பக்கம்

1

2019, பிப்ரவரி 9, சனிக்கிழமை, மாலை நான்கு மணி ஐந்து நிமிடம். எங்கள் கால்பந்துக் கழகத்தின் அலுவலக அறையில் செயலாளர், பொருளாளர், கழகத்தின் ஆட்டநாள் இதழுக்கு முப்பத்தோராண்டுகளாக மெய்ப்புத் திருத்தும் நான் ஆகிய மூவர் இருந்தோம். (நான்காவது நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், ஒருவரும் சரிசெய்வதில்லை.) முந்தைய ஞாயிறன்று புற்றுநோயால் இறந்துபோன பதினைந்து வயது ரசிகையைப் பற்றி நினைவுக் கட்டுரை எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது.

“நீங்கதான் மேடம் எழுதணும். உங்க தமிழ் யாருக்கு வரும்?” என்றார் செயலாளர். என் தமிழை அவர் கவனித்தது அன்றுதான்.

கட்டுரையாகத் தொடங்கினேன். பொய் சொல்லாமல் அதை முடிக்க இயலவில்லை; ஆகவே இது கதையாயிற்று.

2

முதல் தொடக்கம்: “சிரித்த முகத்தோடு நோயை வென்ற அந்த—”

[வெல்லவில்லை. இறந்தாள். அடிக்கப்பட்டது.]

இரண்டாம் தொடக்கம்: “விசில் என்று எல்லோரும் அழைத்த அச்சிறுமி, வாய்ப்புண்ணால் விசில் ஊத முடியாமற்போன நாளில், கிழக்குக் கேலரியின் மூன்றாம் வரிசையில் எழுந்து நின்று, அசமந்தமாக ஓடிய நம் முன்கள வீரருக்கே, நடுவரைப்போல் எச்சரித்து, மஞ்சள் அட்டை காட்டினாள்.”

இது நடந்தது, இருக்கட்டும். கேலரியே சிரித்தது. முன்கள வீரர் அவளை நோக்கிக் கும்பிட்டார். அதன்பின் ஆறாவது நிமிடத்தில் கோல் போட்டார். அடுத்த ஆட்டத்துக்கு நானூறு பேர் மஞ்சள் அட்டை வெட்டிக்கொண்டு வந்தனர். [நானூறா? எண்ணியவர் எவர்? ‘பலர்’ போதும்.] சிகிச்சையைப் பாதியில் விட்டிருந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் மொட்டைத் தலையோடு குதித்த அவளைப் பார்த்துவிட்டு, மறுநாளே மருத்துவமனைக்குத் திரும்பினார். இன்றும் பேருந்து ஓட்டுகிறார்.

இவ்வளவையும் எழுதியபோது என் வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்லும் வழி எனக்குத் தெரியும்; சொல்லப்போவதில்லை. இறந்துபோன பிள்ளையின்மேல் அறுபத்தொன்பது வயதுக்காரிக்குப் பொறாமை.

3

மூன்றாம் தொடக்கத்தில் ‘நான்’ வேண்டாமென்று, என்னையே ‘மெய்ப்புக்காரி’ ஆக்கிக்கொண்டேன். (எட்டி நின்றால் எழுதுவது எளிது என்று எண்ணினேன். இல்லை.)

மெய்ப்புக்காரி, அச்சிறுமி சிகிச்சை பெற்ற அதே மருத்துவமனையில், அதே அறையில், அதே நோய்க்காக, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூடப் பிறந்த தங்கைக்கும் சொல்லவில்லை. வராத நாட்களுக்குக் கழகத்துக்குச் சொன்ன காரணம் மூட்டுவலி. தலையில் விக். இடக்கையில் மருந்து ஏற, வலக்கையால் மெய்ப்புத் திருத்தினாள். ஒரு பிழையும் தப்பவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை.

அடுத்த நாற்காலியில் விசில். கேலரி அறியாத ஒன்று: ஊசி குத்துமுன் ஒவ்வொரு முறையும் அவள் விம்மி விம்மி அழுதாள்.

“பெரியம்மா, நீங்க அழவே மாட்டீங்களா?”

“அழுதா ஊசி சின்னதாயிடுமா?”

“ஆகாதுதான். ஆனா நர்ஸ் அக்கா மிட்டாய் தருவாங்க. உங்களுக்குத்தான் நஷ்டம்.”

“வாயை மூடிக்கிட்டு உக்காரு.”

“மூடினாலும் வலிக்குது, திறந்தாலும் வலிக்குது. விசிலும் ஊத முடியல. நம்ம ஆளு என்னடான்னா கிரவுண்டுல காத்து வாங்குறான். எப்படித்தான் திட்டுறது?”

மெய்ப்புக்காரி தன் மடியிலிருந்த கோப்பின் மஞ்சள் மேலட்டையை, அளவுகோல் வைத்துக் கோடிட்டு, கத்தரித்துத் தந்தாள். பின்பக்கத்தில் மெய்ப்புக்காரியின் நீல மைச் சுருக்கொப்பம் இருந்தது.

“எங்கேருந்து வந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா?”

“என் பேரை எடுத்தே, தோலை உரிச்சிடுவேன்.”

“சரி, சரி. ரெஃப்ரி குடுத்தார்னு சொல்லிக்கறேன். போதுமா?”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவ்வட்டை இன்று கழக அலுவலகத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. கீழே, ‘நடுவர் அன்புடன் அளித்தது’. நடுவர் முதலில் விழித்தார். பிறகு மறுக்காமல் இருந்தார். இப்போது அவருக்கே நினைவு வந்துவிட்டது. இரங்கல் கூட்டத்தில், தந்த நாளையும் கிழமையையும் மைக்கில் சொல்லிக் கண்ணீர் விட்டார்.

[இங்கே நடுவரைப் பற்றி இரண்டு பத்திகள் இருந்தன. அச்சில் ஏற்ற முடியாதவை. நீக்கப்பட்டன.]

4

முடிவுகள்.

அ. சட்டத்தைக் கழற்றி, அட்டையைத் திருப்பிக் காட்டுவது. ‘எப்போது தந்தீர்கள், எங்கே?’ என்பார்கள். அறையைச் சொல்ல வேண்டும். அறையைச் சொன்னால் அழுகையையும் சொல்வேன். உண்மையின்மேலுள்ள பற்றாலா? இல்லை, கைதட்டியவர்கள் கொஞ்சம் கையைக் கீழே போடட்டும் என்பதால்.

ஆ. ‘அழுதாள், ஆயினும் வந்தாள், அதுவே பெரிய துணிவு’ என்று எழுதுவது. நல்ல வாக்கியம். எழுதியும்விட்டேன். பிறந்த தேதியைச் சரிபார்க்க அவளுடைய அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

“ஒரு நாள்கூட அவ அழலைங்க. எங்க முன்னாடி ஒரு சொட்டு விடல. ஊசி போடற நேரத்துக்குக் கரெக்டா, ‘அம்மா, டீ வாங்கிட்டு வா’ன்னு அனுப்பிடுவா. டீன்னா அவளுக்கு அவ்ளோ ஆசை.”

அவள் டீ குடித்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும், அம்மா அந்தப் பக்கம் போனதும், அந்த டீயை என்னிடம் நீட்டுவாள். நானும் குடிப்பேன். அம்மாவை அனுப்பிவைத்தவள் என்னை ஒருநாளும் எழுந்து போகச் சொன்னதில்லை. நானூறு பேருக்கும் நடுவருக்கும் கிடைக்காதது—

[வாக்கியம் முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.]

இ. மூன்றாம் முடிவு உங்களுடையது. இப்பக்கங்கள் என் மேசையின் இழுப்பறையில் இருக்கும். நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், எனக்குப் பின் எவரோ எடுத்திருக்கிறார். சட்டம் ஒரே ஓர் ஆணியில்தான் தொங்குகிறது. திருப்புவதா, வேண்டாமா என்பது உங்கள் பாடு.

5

பிப்ரவரி 16, சனிக்கிழமை. கட்டுரை அச்சுக்குச் சென்றது. ‘நடுவர் அளித்த அட்டை’ என்ற தொடர் அதில் உள்ளது. பிழையென்று தெரிந்தே ஒப்பமிட்டேன். முப்பத்தோராண்டுகளில் இதுவே முதல் முறை. அழுகை இடம்பெறவில்லை. பொறாமை தணியவில்லை, நடுவரை நினைத்தால் இப்போதும் எரிகிறது. தங்கைக்குச் சொல்லியாயிற்று. ஒரு மணி நேரம் திட்டினாள். வரும் செவ்வாய் மருத்துவமனைக்கு அவளும் உடன் வருகிறாள். ஊசி போடும் நேரத்தில் அவளை டீ வாங்க அனுப்புவதில்லை என்று முடிவு செய்யப்பட்டது.