பதினோராவது வரிசை

நம்பிராஜன் ஐந்தரைக்கு எழுந்தான். தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மையும் நிரப்பினான். குளித்தான். டீ போட்டு, நேற்றைய பாவ் ரொட்டி ஒன்றை நனைத்துத் தின்றான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் இல்லை.

பத்து மணிக்கு ராபியா வந்தாள். புதுத் தையல் மெஷின் வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. கடையநல்லூர்க்காரி, தாராவியிலேயே வளர்ந்தவள்.

"யாரு தம்பி தைக்கப்போறது? வீட்டுல இல்லையா?"

"இல்லக்கா. நான்தான்."

சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டு அவள் மெஷின் உறையைக் கழற்றினாள்.

மெஷினுக்கு அவன் மனைவி பூமாரி பிப்ரவரியில் சொல்லிவைத்திருந்தாள். ஏப்ரலில் சயான் ஸ்டேஷன் படியில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு, பிழைக்கவில்லை. மெஷின் ஜூனில் வந்தது. திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியும் இவன் வேண்டாமென்றான். அவள் தைத்த கோதடிப் போர்வை பாதியில் நின்றிருந்தது. பட்டறைகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, பழைய மெஷினில் பதினொரு வரிசை ஓட்டியிருந்தாள். அதை முடித்துவிட வேண்டும். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை.

முதல் மிதியிலேயே மெஷின் பாய்ந்தது. துணிக்கு அடியில் நூல் கூடு கட்டியது.

"டெம்போவா ஓட்டுதீங்க? மெல்ல," என்றாள் ராபியா. "துணிய அமுக்குற பாதத்த இறக்காமலே மிதிச்சா சிக்கத்தான் செய்யும். ஸ்க்ரீன்ல படம் போட்டுக் காட்டுது பாருங்க, அதக் கேளுங்க."

நூலை அறுத்து மறுபடி கோத்தான். வெற்றுத்துணியில் ஒரு மணி நேரம் ஓட்டினான். ஊசிக்கு அடியில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டால் மெஷின் இழுக்காது, கைதான் நகர்த்த வேண்டும். கை நின்றால் ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தது. மூன்று இடத்தில் அப்படித்தான் ஆனது.

"பரவால்ல, பழகிருச்சு. அசல எடுங்க."

கோதடியை விரித்தான். ராபியா விரலால் தடவிக்கொண்டே வந்து கடைசியில் நின்றாள்.

"நல்ல கை. ஆனா இந்த வரிசை கோணிருக்கு. பழைய மெஷின், பஞ்சு தடிமன், இழுத்திருக்கு. இதப் பிரிச்சாத்தான் அடுத்தது நேரா வரும். இல்லன்னா கடைசி வரைக்கும் கோணல்தான்."

தையல் பிரிக்கும் கொக்கியை அவன் கையில் கொடுத்தாள். முனையை முதல் தையலுக்கு அடியில் நுழைத்தான். நூல் விறைத்து மேலெழுந்தது. லேசாக அழுத்தினால் போதும்.

கொக்கியை வெளியே எடுத்துவிட்டான்.

"இப்படியே இருக்கட்டும்க்கா."

"கோணலா வருமே. பாக்குறவங்க உங்களத்தான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

ராபியா கொக்கியை வாங்கி மெஷின் மேல் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவங்களே இருந்தாலும் பிரின்னுதான் சொல்லிருப்பாங்க, தம்பி."

அது அவனுக்குத் தெரியும். பூமாரி கடைசியாக என்ன சொன்னாள் என்று சாவு வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். அம்மாவைப் பார்க்கணும் என்றாள் என்று அவளைப் பெற்ற அத்தையிடம் சொல்லிவைத்தான். அத்தை அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். ஸ்டேஷன் படியில் அவள் எதுவுமே சொல்லவில்லை. அன்று காலை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, இவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னதுதான் கடைசி.

"அந்தப் பதினோராவது வரிசை கோணிப்போச்சு. நீங்க கைய வச்சிராதீங்க. சாயங்காலம் வந்து நானே பிரிச்சுக்கிடுதேன்."