ரீபாவின் பெயரில் போன பதில்கள்

பாளையங்கோட்டை வழக்கறிஞர் ரீபா வாதாட எழுந்தால் எதிர்த்தரப்பு வாயடைத்துப்போகும். ஆனால் மனு தாக்கல் செய்ய வேண்டிய நாளில் அந்த மனு காரின் பின்சீட்டில் கிடக்கும். வாய்தாவுக்கு அவள் போக மறந்ததால் ஒரு வழக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, கட்சிக்காரர் அலுவலகத்துக்கே வந்து அழுதுவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் மருத்துவரைப் பார்த்தாள். "இது அலட்சியம் இல்லம்மா, ஏ.டி.ஹெச்.டி. கவனம் ஒரு இடத்துல நிலைக்காத கோளாறு" என்றார் அவர். பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டுக்கெல்லாம் ஒரு பெயர் இருந்தது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மாத்திரையோடு ஓர் ஏஐ செயலியும் வந்து சேர்ந்தது. நாட்காட்டி, வாட்ஸ்அப், கணினியில் இருந்த வழக்குக் கட்டுகள் எல்லாவற்றையும் அது படித்தது. காலையில் "முதலில் இதை முடியுங்கள்" என்று ஒன்றை மட்டும் சொன்னது. கட்சிக்காரர்களுக்குப் பதில் எழுதி வைத்து, "அனுப்பலாமா?" என்று கேட்டது. வாய்தாக்கள் தப்பவில்லை. நீதிமன்ற வளாகத்தில் ஆட்கள் அவளிடம் மறுபடியும் வழக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நாளாக ஆக, 'அனுப்பலாமா' என்ற கேள்விகளே குவிந்தன. ஒன்றைப் பார்க்கப் போய் வேறெங்கோ தொலைந்துபோவாள். ஒரு நாள் எரிச்சலில் 'எப்போதும் அனுப்பு' என்பதை அழுத்திவிட்டாள். அன்று மண்டைக்குள் அப்படியோர் அமைதி.

சந்தனமாரி வந்தது ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை. அம்பாசமுத்திரத்திலிருந்து, டவுனில் சேலை எடுக்கப் போவதாகச் சொல்லி வந்திருந்தாள். உட்கார்ந்ததும் மேசையில் இருந்த போனைக் காட்டினாள்.

"மேடம், அத அமத்தி வைங்க. போனுன்னாலே எனக்குப் பயமா இருக்கு."

ரீபா அணைத்து வைத்தாள். சந்தனமாரியின் புருஷன் சுந்தர் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஊரில் தங்கமான ஆள் என்று பெயர். சந்தனமாரி முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த தழும்பு, ஆறியும் ஆறாமலும் இருந்தது.

"சர்டிபிகேட்டு, துணிமணி எல்லாத்தையும் தையக்கடை ஆபிதா அக்காட்ட குடுத்து வச்சிருக்கேன். நீங்க மனு போட்டதும் அங்கனயிருந்தே கெளம்பிருவேன். ஒண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க மேடம். என் நம்பருக்கு எதுவும் அனுப்பிராதீங்க. போன அவுகதான் வச்சிருக்காக. புதன்கிழமை நானே வாரேன்."

"அனுப்ப மாட்டேம்மா. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ரீபா. மனசாரத்தான் சொன்னாள்.

அவள் போனதும் ரீபா போனை உயிர்ப்பித்தாள். புதன்கிழமைக்கு 'சந்தனமாரி, மனுவில் கையெழுத்து' என்று குறித்தாள். அடுத்த வரியாக 'செய்தி அனுப்பக் கூடாது' என்று எழுத விரல் போனபோது, மகன் பெனோ பள்ளியில் விழுந்துவிட்டான் என்று அழைப்பு வந்தது. காரை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த வரி அவள் மனத்தில் எழுதி முடித்த வரியாகவே தங்கிவிட்டது. சந்தனமாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன வக்காலத்தைக் குமாஸ்தா ஞானையா வழக்கம்போல ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினார். அதில் அவள் போன் நம்பர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆலயம் விட்டு வந்த கையோடு, ரீபா மனுவைக் கணினியில் எழுதி முடித்தாள்.

புதன்கிழமை மதியம்வரை சந்தனமாரி வரவில்லை.

"மழையில பஸ் கெடைக்கல போல" என்றார் ஞானையா.

ரீபா போனை எடுத்தாள். செயலியைத் திறந்தாள். சந்தனமாரியின் பெயர் மேலேயே இருந்தது. முந்தின நாள் நடந்த உரையாடல்.

'வணக்கம். நாளை தங்கள் மனுவில் கையெழுத்திட அலுவலகம் வரவும். – வழக்கறிஞர் ரீபா.'

'என்ன மனு மேடம்? மறந்துபோச்சு.'

'குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்புக் கோரும் மனு. கவலை வேண்டாம், எல்லாம் தயார்.'

'ரொம்ப நன்றி மேடம். என்ன எழுதியிருக்கீங்கன்னு ஒருதடவ படிச்சுப் பார்க்கலாமா?'

'நிச்சயமாக. இணைத்துள்ளேன்.'

கீழே மனு முழுசாக இருந்தது. தோள் தழும்பு, ஆபிதா பீவியின் தையல்கடை, கிளம்பும் ஏற்பாடு, எல்லாம்.

"ஞானையாண்ணே, வண்டில ஏறுங்க" என்றாள்.

அம்பாசமுத்திரம் போகும் வழியில், சேரன்மகாதேவியைத் தாண்டும்போது ஆறு செம்மண் நிறத்தில் கரைதொட்டு ஓடியது.

தையல்கடையில் ஆபிதா பீவி ரீபாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "காலையில ரெண்டு பேரும் சேந்துதான் வந்தாக. பைய எடுக்க வந்தோம் அக்கான்னு அவரு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. நான் அவ மொகத்தப் பாத்தேன். குடுங்கக்கான்னு சொன்னா. என்ன செய்ய? குடுத்துட்டேன்."

வீடு வாய்க்காலை ஒட்டிய தெருவில். சுந்தரே கதவைத் திறந்தான். நெற்றியில் திருநீறு, துவைத்த வெள்ளைச் சட்டை.

"வாங்க மேடம், மழையில நனையாதீங்க. ஏளா, மேடத்துக்குக் காப்பி போடு."

சந்தனமாரி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். முழுக்கை ரவிக்கை. வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"சந்தனமாரி, என்கூட வா. இப்பமே போயிரலாம்" என்றாள் ரீபா.

அவள் தரையைப் பார்த்தாள். "நீங்க யாருன்னு தெரியலயே மேடம்."

"ஆளு மாறி வந்துட்டிய போலுக்கு" என்றான் சுந்தர் தன்மையாக. பிறகு, "ஆனா ஒங்க ஆபீஸ்ல பதில் நல்லா சொல்லுதாக மேடம். கேட்டத எல்லாம் ஒடனே அனுப்புதாக" என்றான்.

ரீபா காவல் நிலையத்துக்கு ஓடினாள். பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் கூடவே வந்து, சுந்தரை வெளியே நிறுத்திவிட்டுச் சந்தனமாரியிடம் தனியாகக் கேட்டார். திரும்பி வந்தபோது உதட்டைப் பிதுக்கினார். "கையில சுடுதண்ணி கொட்டிட்டுன்னு சொல்லுதா. புகார் இல்லைங்கா. நாளைக்கு, குடும்ப வன்முறைக் கேசுக்குன்னு இருக்க பாதுகாப்பு அலுவலரக் கூட்டிட்டு வாங்க மேடம். அவங்க முன்னால பேசிப் பாப்போம்."

இருட்டும்வரை ரீபா தெருமுனையில் காருக்குள் இருந்தாள். செயலியைப் போனிலிருந்து அழித்தாள். அழித்த பிறகும் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அது மிசினும்மா. அதுக்கு என்ன தெரியும்?" என்றார் ஞானையா.

"அவ எங்கிட்டதான சொன்னா" என்றாள் ரீபா.

மறுநாள் காலை பாதுகாப்பு அலுவலரோடு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. செல்போன் கடையிலும் ஷட்டர் இறங்கியிருந்தது. சந்தனமாரியின் போனும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அலுவலர் கதவைத் தட்டத் தட்ட, எதிர்வீட்டுப் பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"விடியும் முன்னாலயே கார் வந்துச்சு மேடம். மேக்க மலையப் பாத்து, பாவநாசத்துப் பக்கமா போச்சு."

"சந்தனமாரி கூட இருந்தாளா?"

அந்தப் பெண் யோசித்தாள்.

"அவரு பேசுத சத்தம் கேட்டுச்சு. அவ சத்தம் கேக்கல."