காலி மெழுகு

அக்காவின் ஆய்வுக்கூடத்தில் மூன்று அறைகள். முதல் அறையில், மெழுகு வில்லைக்குள் பதித்து வைத்த புற்றுக்கட்டித் துணுக்குகளை மெல்லிசாகச் சீவுவார்கள். இரண்டாவதில் அந்தச் சீவலைக் கரைத்து, மருந்துகளோடு கலப்பார்கள். மூன்றாவதில் இயந்திரம். ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போகலாம். மூன்றாவது அறையில் காலை வைத்தவர் அன்றைக்கு மற்ற இரண்டுக்கும் திரும்பக் கூடாது. பேனாவை மறந்து வைத்துவிட்டாலும் மறுநாள்தான். இது அக்கா போட்ட சட்டம். இதற்காகவே அங்கே அவளுக்கு மாமியார் என்று பேர். அது தனக்குத் தெரியாது என்பது போலவே அவளும் நடந்துகொள்வாள்.

அவள் தேடியது ஒரு வைரஸை. அபூர்வமானது ஒன்றுமில்லை. முக்கால்வாசிப் பேருக்குச் சின்ன வயதிலேயே யாருடைய எச்சிலிலிருந்தோ தொற்றி, பிறகு ஆயுசுக்கும் உடம்புக்குள் சத்தம் போடாமல் படுத்துக் கிடப்பது. மூளையில் வரும் ஒரு வகைப் புற்றுக்கட்டிக்குள் அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது என்று சிலர் எழுதினார்கள். இல்லவே இல்லை என்று சிலர். "ரெண்டு வீட்டுக்காரங்களும் சண்டை போடுறாங்க, நடுவுல நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கேன்" என்பாள் அக்கா.

என்னிடம் ஒரு நாள் சொன்னாள்: "உனக்குள்ளயும் இருக்கும்டி. நான் பாதி சப்பிக் குடுத்த மிட்டாயைத் தின்னுதானே வளந்தே. நான் உனக்கு எழுதி வைக்கப்போற சொத்து அது ஒண்ணுதான்."

அவளுடைய இன்னொரு சட்டம் காலி மெழுகு. ஒவ்வொரு கட்டியைச் சீவிய பிறகும், உள்ளே எதுவுமே இல்லாத வெறும் மெழுகு வில்லை ஒன்றையும் சீவி, அதையும் அதே மருந்துகளில் போட்டு, அதே இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். வைரஸ் இருந்தால் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். வெறும் மெழுகுக்கும் கோடு ஏறினால், வெளியிலிருந்து ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம்; அந்த முறை செய்த அத்தனையும் குப்பை. இயந்திரம் வைரஸின் மரபுத் துணுக்குகளைப் பெருக்கித்தான் காட்டும்; அதனால் மூன்றாவது அறையில் அவை கோடிக்கணக்கில் கிடக்கின்றன. சட்டைக் கையில் ஒட்டும் ஒரு தூசு போதும்.

பிறகு அவள் பேச்சிலிருந்து வார்த்தைகள் நழுவத் தொடங்கின. சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் காட்டி "அதை எடு, அந்த... அள்ளுறதை" என்றாள். சிரித்தோம். அடுத்த வாரம் தண்ணீருக்கும் வார்த்தை வரவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். அவள் ஆராய்ந்துகொண்டிருந்த அதே வகைக் கட்டி.

"ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாதுன்னு உங்க மாமா எத்தனை தடவை சொன்னாரு" என்றாள் என்னிடம். அவள் வீட்டுக்காரரான மாமா எழுந்து வெளியே போனார்.

அறுவை செய்து எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். முழுக்க முடியவில்லை. வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில், இந்த வைரஸை அடக்கும் மருந்தை இப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. பலிக்குமா என்பது அவர்களுக்கே தெரியாது. ஆனால் கட்டிக்குள் வைரஸ் இருப்பவர்களைத்தான் சேர்ப்பார்கள். அக்காவின் ஆய்வுக்கூடம் தரும் முடிவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே மாமா பையில் துணிமணி அடுக்கிவிட்டார். அந்த ஊரில் குளிருமாம். அக்காவின் ஸ்வெட்டரைத் தேடி எடுத்து மேலாக வைத்தார்.

மெழுகில் பதித்த அக்காவின் சின்னக் கட்டித் துணுக்கைப் பரிசோதித்தவரைக் கூடத்தில் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவின் கீழ் வேலை பார்த்த விஞ்ஞானி. எந்த வாசலிலும் தலையைக் குனிந்தே நுழைவார். வாசல் உயரமாக இருந்தாலும் குனிவார். மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"கோடு ஏறியிருக்கு மேடம். நல்லாவே."

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அக்கா மட்டும் அசையாமல் இருந்தாள்.

"காலி?" என்றாள்.

நெட்டை தரையைப் பார்த்தார்.

"காலி மெழுகு, நெட்டை."

"அதுவும் ஏறியிருக்கு மேடம். கொஞ்சம் லேட்டாத்தான். ஆனா ஏறியிருக்கு."

"மூணுலேர்ந்து ரெண்டுக்குப் போனியா?"

"வேற ஒரு வேலை முடிஞ்சிருந்தது, அதை எடுத்து வைக்க மூணுக்குப் போனேன். அப்புறம் உங்களோடதை நாளைக்குத் தள்ளிப் போட மனசு வரல. லேப் கோட்டு மாத்திக்கிட்டேன். கை கழுவினேன்."

"சட்டைக் கை?"

நெட்டை தன் சட்டைக் கை நுனியைப் பிடித்துப் பார்த்தார். கூடத்தில் இத்தனை காலமாக யாரும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. அவளுக்காக அவசரப்பட்டதுதான் முதல் தடவை.

மாமா கேட்டார்: "தம்பி, அந்த ஆஸ்பத்திரியில மெழுகைப் பத்தி விசாரிப்பாங்களா?"

"மாட்டாங்க சார். கட்டியோட ரிசல்ட் மட்டும்தான்."

"அப்புறம் என்ன, அனுப்பிடு."

"அனுப்பாதே" என்றாள் அக்கா.

"இது உன் ஆராய்ச்சி இல்லம்மா. உன் உயிரு."

அக்கா வார்த்தையைத் தேடினாள். "எனக்குள்ள அது இல்லன்னா, அந்த மருந்து... அந்த..."

"வீண்" என்றேன்.

"ம், வீண். ரத்தத்தையும் கெடுக்கும். இருக்கிற கொஞ்ச நாளும் ஆஸ்பத்திரியில."

"இருந்தா?" என்றார் மாமா.

"இருந்தா, மறுபடி செஞ்சாலும் வரும்."

நெட்டை மெதுவாகச் சொன்னார்: "வில்லையில இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு மேடம். அதுக்கப்புறம் சீவுறதுக்கு ஒண்ணுமில்ல."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன் அவகிட்ட."

"அனுப்பிடலாம்க்கா" என்றேன்.

"நீ அப்படித்தான் சொல்லுவே. மிட்டாய்க்கே தெருவுல உருண்டு அழுதவ." பிறகு நெட்டையிடம், "காலையில. குளிச்சிட்டு, புதுச் சட்டை போட்டுக்கிட்டு. மத்த வேலைக்கு முன்னாடி" என்றாள்.

அறைகளைத் துடைத்து, புது மருந்து வரவழைத்துச் செய்துவிட்டு நெட்டை மறுபடி வருவதற்குள் பல நாட்கள் போயின; அவளுடைய பேச்சு இன்னும் குறைந்துவிட்டது. மாமா அந்தப் பையை வாசல் பக்கத்திலிருந்து நகர்த்தவே இல்லை. அறையைப் பெருக்கும்போது அதைச் சுற்றித்தான் பெருக்கினேன்.

நெட்டை வந்து அவள் கட்டிலருகில் உட்கார்ந்தார். அக்கா என்னவோ கேட்க முயன்றாள், முடியவில்லை. கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை, மெழுகுத் துகளைத் தேய்ப்பது போலத் தேய்த்துவிட்டு, வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

"காலி மெழுகு ஏறல மேடம். தரையோட தரையா படுத்திருக்கு."

மாமாவின் முகம் மலர்ந்தது. காலி மெழுகு படுத்திருக்க வேண்டும் என்பதை அவரும் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார். "அப்ப எல்லாம் சரிதானே?"

அக்கா தன் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

நெட்டை திரையை அவள் பக்கம் திருப்பினார். நானும் எட்டிப் பார்த்தேன். அடியில் இரண்டு கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. எது மெழுகு, எது அக்கா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பல நாட்களுக்கு அப்புறம் முழுசாக ஒரு வாக்கியம் பேசினாள்.

"டெஸ்ட்டை நல்லா பண்ணியிருக்கே."

நெட்டை வாசலில் குனிவது போலக் குனிந்து அழுதார்.

மழைக்காலம் தொடங்குமுன் அக்கா போய்விட்டாள். அதற்குப் பிறகு மாமா அந்தப் பையைப் பிரித்தபோது நான் உடனிருந்தேன். ஸ்வெட்டரை மடிப்புக் கலையாமல் எடுத்து அலமாரியில் வைத்தார். "அந்தத் துணுக்குல இல்லாம, உள்ள வேற எங்கயாவது இருந்திருக்குமோ?" என்று கேட்டார். நெட்டையிடமும் கேட்டிருக்கிறார். இருக்கலாம் சார், பார்க்க வழியில்லை என்று அவர் சொன்னாராம்.

ஒரு முறை மாமா கேட்டார் என்று, அக்காவின் வில்லையை நெட்டை கொண்டுவந்து கொடுத்தார். தீப்பெட்டியில் பாதி இருக்கும். மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல அவ எங்க இருக்கா?"

"இல்ல சார். எல்லாம் சீவியாச்சு. இப்ப வெறும் மெழுகுதான்."

மாமா தலையாட்டினார். வெயில் படாத அலமாரித் தட்டு ஒன்றைத் தேடி அதை வைத்தார்.