படகில் தட்டிய மூன்று தட்டு

ஸோ துராவின் மூஞ்சியில் விழித்தாலே எனக்கு அன்றைய பொழுது விளங்காது. தங்கச்சி புருஷனாகப் போய்விட்டான். இல்லையென்றால் என்றைக்கோ ஐராவதி ஆற்றில் பிடித்துத் தள்ளியிருப்பேன். வீச்சுவலையைத் தூக்கி எறிந்துவிட்டு, பேட்டரிப் பெட்டி வைத்துத் தண்ணீரில் கரண்டு பாய்ச்சி மீன் அள்ளுகிறவன். டால்பின் எண்ண வந்த தீரி டீச்சருக்கு அன்று கிடைத்ததும் அந்தப் பாவியின் இன்ஜின் படகுதான். தடம் காட்ட நான்.

மூன்று தடவை ஓடிப் பார்ப்பது வழக்கம். இரண்டு தடவையும் ஒன்றுகூடத் தென்படவில்லை. இதிலும் காணாவிட்டால் எங்கள் ஆற்று வளைவைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் பேட்டரிக்காரனைத் தட்டிக் கேட்க நாதி கிடையாது.

எனக்குத் தெரியாதா, அவள் எங்கே இருப்பாள் என்று? முதுகுத் துடுப்பு கிழிந்த டால்பின், என் கிழிசல்காரி. பதினைந்து வருஷமாக, படகு விளிம்பில் கட்டையால் மூன்று தட்டு தட்டினால் வந்து மீனை என் வலைப்பக்கம் விரட்டித் தருகிறவள். தட்டட்டுமா என்றால், டீச்சர் கூடாது என்றுவிட்டாள். கூப்பிட்டு வருவது கணக்கில் சேராதாம். எனக்குச் சோறு போடுகிறவளைக் கூப்பிட இவளிடம் உத்தரவு வாங்க வேண்டுமா என்று வயிறு எரிந்தது. ஸோ துரா வெற்றிலையை மென்றுகொண்டு இளித்தான்.

கடைசித் திருப்பத்தில் இன்ஜினை அணைத்தோம். பின்னால் 'புஸ்' என்று மூச்சு. நான் பார்த்துவிட்டேன். கிழிசல்காரியேதான். டீச்சர் திரும்புவதற்குள் முங்கிவிட்டாள்.

"நான் கண்ணால பார்க்காம எழுத முடியாதுண்ணே. பேசாம இருங்க, மறுபடி மேல வரும்" என்றாள்.

தண்ணீர் எங்களை நோக்கிப் புடைத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே போய்த் தொலைந்துவிடுவாளோ என்ற பயத்தில் கட்டையை எடுத்து மூன்று தட்டு தட்டிவிட்டேன்.

புடைப்பு அப்படியே நின்றது. பிறகு சட்டென்று திரும்பி நடு ஆற்றுக்குப் போய்விட்டது. கால் மணி நேரம் காத்திருந்தோம். வரவில்லை.

"இந்தச் சத்தத்துக்கு ஓடுதே. யாரோ இப்படித் தட்டி வரவச்சு கரண்டு விட்டிருக்காங்க" என்றாள் டீச்சர்.

நான் ஸோ துராவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "இப்படித் தட்ட உனக்கு யாருடா சொல்லிக் கொடுத்தது?"

அவன் கையைக்கூட விலக்கவில்லை. "நீதான் மச்சான். கல்யாணம் முடிஞ்ச மறுவாரம், தங்கச்சி பட்டினி கிடக்கக் கூடாதுன்னு உன் படகுலயே உட்கார வச்சு சொல்லிக் கொடுத்த."

சட்டையை விட்டேன். டீச்சர் எங்கள் இருவரையும் பார்க்காமல் தாளில் பூஜ்யம் எழுதினாள். கட்டை இன்னும் என் கையில்தான் இருந்தது.