முன் சீட்டில் ஆள்

சர்வீஸ் முடிந்து வந்த நாளில்தான் கார் கத்த ஆரம்பித்தது.

சித்தூரில் வண்டியை எடுத்து வண்டித்தாவளம் தாண்டும் வரை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெல்ட் போட்ட ஒரு மனிதனின் சின்ன உருவம். பக்கத்துச் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம். ரமேஷ்குமார் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. முதலில் ஒவ்வொன்றாக அடித்த மணி, வேகம் கூடக் கூட அவசரப்பட்டது.

மறுநாள் திரும்பக் கொண்டுபோனான். மெக்கானிக் ஷிஜு கணினியை மாட்டிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் காட்டவில்லை என்றான். சீட்டை ஷாம்பு போட்டுக் கழுவியதில் ஈரம் இறங்கியிருக்கும், இரண்டு வெயில் பட்டால் சரியாகிவிடும். பிறகு நினைவு வந்தவனாக மேசையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். விரல் நீளத்துக்கு ஒரு இரும்பு நாக்கு, கறுப்புப் பிளாஸ்டிக் தலை. பெல்ட் பூட்டில் இது செருகியிருந்தது, எடுத்துவிட்டோம், இனி போட வேண்டாம் என்று மலையாளத்தில் சாதாரணமாகத்தான் சொன்னான். ரமேஷ்குமார் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காரில் ஏறாமல் வெகுநேரம் வெளியில் நின்றான்.

தோட்டத்தில் ஆறு கறவை மாடுகள். காலையும் மாலையும் பால் கேனை முன் சீட்டில் வைத்துத்தான் சொசைட்டிக்குக் கொண்டுபோவான். கேனின் எடையைக் கார் ஆள் என்று நினைத்துக் கத்தும். காரில் பால் கொண்டுபோகிற மற்றவர்கள் செய்ததைத்தான் அவனும் செய்தான். பொள்ளாச்சியில் அந்தக் கிளிப்பை வாங்கிவந்து பூட்டில் செருகினான். கார் வாயை மூடிக்கொண்டது.

போன வருஷம் மாசியில், மாமன் வீட்டுப் புதுமனைக்குப் போகையில் அந்தச் சீட்டில் தம்பி பிரதீப் உட்கார்ந்தான். அவன் பெல்ட்டைத் தானாகப் போடும் ஆளில்லை. கத்தினால் போடுவான். “மகாராணி கூப்புடறாங்க” என்று சிரித்தபடி மாட்டிக்கொள்வான். அன்று யாரும் கூப்பிடவில்லை. வாய்க்கால் பாலத்தருகே ஒரு எருமைக்கன்று குறுக்கே வந்தது. ரமேஷ்குமார் ஒடித்ததில் கார் பனையில் மோதியது. காற்றுப்பை ஓட்டுபவனுக்கு மட்டும் இருந்த கார் அது.

கிளம்பும்போது பிரதீப்பின் மனைவி கிருத்திகா, ஒரு போசி நிறையப் பாயசத்தை அவன் மடியில் வைத்துச் சிந்தாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தான் பஸ்ஸில் வருவதாக நின்றுவிட்டாள். அம்மா பழனாத்தாளுக்கு அது போதும். மடியில் போசியை வைத்தால் எப்படிப் பெல்ட் போடுவான் என்று எழவுக்கு வந்தவர்களிடம் ஆரம்பித்தாள், இன்னும் நிறுத்தவில்லை. கிருத்திகாவும் அதை நம்பினாள். உடுமலையில் தாய்வீட்டோடு இருந்துகொண்டு, எந்த விருந்துக்கும் அவள் போவதில்லை என்று கேள்வி. கிளிப்பைப் பற்றி ரமேஷ்குமார் யாரிடமும் சொல்லவில்லை. காரைச் சரிசெய்து வந்த பின்னும் அது பூட்டிலேயே இருந்தது. அதைத் தொட அவனுக்குக் கை வரவில்லை. தொட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நாளை வருஷத் திதி. சொந்தம் முழுக்கக் கூடும். அம்மா போசிக் கதையைச் சொல்வாள், கிருத்திகா தலை குனிந்து கேட்பாள். அதற்குள் சொல்லிவிட வேண்டும். நாளையும் வாயைத் திறக்காவிட்டால் அவன் வாய் பிறகு எப்போதும் திறக்காது.

மூன்று நாள் வெயிலில் சீட் காய்ந்துவிட்டது. சத்தம் நிற்கவில்லை. காயக் காய, ஒரு வருஷமாகக் கண்ணில் படாதிருந்த பாயசக் கறை மேலேறி வந்தது. சீட்டின் நடுவில், ஒருவர் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு.

மாலை நான்கு மணிக்கு மீனாட்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய கிருத்திகா, அழைக்க வந்திருந்த ரமேஷ்குமாரின் காரில், பையோடு பின் சீட்டில் ஏறினாள். கணவனின் அண்ணன் பக்கத்தில் அந்த வீட்டு மருமகள்கள் உட்காருவதில்லை. நலம் விசாரித்துக்கொண்டார்கள். அதோடு பேச்சு முடிந்தது. கணவாய்க் காற்றில் கரும்பனை ஓலைகள் உரசும் சத்தமும், மணியும். ரமேஷ்குமார் வேகத்தைக் குறைத்தான், கூட்டினான். மணி நிற்கவில்லை. வண்டியைக் கழுவிய ஈரம் என்று பொதுவாகச் சொன்னான்.

“ஏனுங்க மாமா, முன்னால பையி ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?”

“இல்ல அம்மிணி. காலியாத்தான் இருக்குது.”

வாய்க்கால் பாலம் தெரிந்தபோதுதான் அவள் மறுபடி வாய் திறந்தாள்.

“அன்னைக்கு இது ஏனுங்க கத்துல?”

ரமேஷ்குமார் காரை ஓரம் கட்டினான். திரும்பிப் பார்க்காமல், கிளிப்பை எடுத்துத் தோளுக்கு மேலே நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“பால் கேனுக்காவ மாட்டுனது. எடுக்க மறந்துட்டேன். மறந்துட்டேன்னுங்கூடச் சொல்ல முடியாது, அது அங்க இருக்கற நெனப்பே இல்ல. கத்தியிருந்தா அவன் போட்டிருப்பான் அம்மிணி. போசி மேலயே போட்டிருப்பான்.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்கதவு திறந்தது. நடந்தே பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தான். அவள் சுற்றி வந்து முன்கதவைத் திறந்தாள். கறையைப் பார்த்தாள். பெல்ட்டை இழுத்து, சீட்டோடு ஒட்டாமல், ஓர் ஆளின் நெஞ்சுக்கு மேலாகக் கொண்டுபோவது போல எட்டிக் கொண்டுபோய்ப் பூட்டில் மாட்டினாள்.

மணி நின்றது.

“இப்பவாச்சும் போட்டுக்கோங்க” என்றாள், வெளியே கிளம்புகிறவரிடம் சொல்கிற குரலில். பிறகு சீட்டைப் பார்த்தபடியே, “அத்தைகிட்ட நீங்கதானுங்க மாமா சொல்லோணும். எல்லாரும் இருக்கறப்ப.”

சரி என்றான். அவள் மறுபடி பின்னால் ஏறிக்கொண்டாள்.

பாலத்தின் மேல் எதுவும் குறுக்கே வரவில்லை. ஆனாலும் அவன் கால் பிரேக்கை மிதித்தது. பக்கத்தில் பெல்ட் சடக்கென்று இறுகி, எடை ஒன்றைத் தாங்கியது போல விறைத்து நின்றது. கண்ணாடியில் பார்த்தான். கிருத்திகா முன் சீட்டின் தலைப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அம்மாவோடு முன்னதாகவே வந்துவிட்ட சொந்தங்கள் நாலைந்து பேர். பங்காளி குப்பண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“ஏண்டா, காத்துக்கு பெல்ட்டு போட்டுக் கூட்டியாறயா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். ரமேஷ்குமார் இறங்கிப் போய் கிளிப்பை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதைப் புரட்டிப் பார்த்து, காருச் சாமானா என்று கேட்டாள். அவன் சொன்னான். பால் கேனிலிருந்து ஆரம்பித்துப் பனை வரைக்கும், எல்லோரும் கேட்கும்படி சொன்னான்.

பழனாத்தாள் மகனைப் பார்க்கவில்லை. காருக்குள் இன்னும் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தாள். அப்புறம் பெல்ட் மாட்டியிருந்த முன் சீட்டை.

“அதைக் கழட்டி உடுங்கடா” என்றாள். “எறங்கட்டும்.”

யாரும் கிட்டே போகவில்லை. ரமேஷ்குமார்தான் போனான். பூட்டின் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். பெல்ட் உடனே ஓடிச் சுருளவில்லை. மெதுவாக, யாரோ கையில் பிடித்து விடுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. கதவை அவன் சாத்தவில்லை. கிருத்திகா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.